பிரச்சனைக் கணக்கில் எப்போது பெருக்குவது, எப்போது வகுப்பது?

செந்தூல் அம்மா:
“6 ரொட்டி சானாய்க்கு மொத்தம் 10.80 ரிங்கிட். ஒன்று எவ்வளவு?” என்று கேட்டால், மகன் 6 × 10.80 = 64.80 என்று எழுதுகிறான். வாய்ப்பாடு தலைகீழ்ப் பாடம். எப்படிப் புரியவைப்பது?

பிறை ஆசிரியர்:
“மொத்தம்” என்ற சொல்லைப் பார்த்ததும் பெருக்கிவிடுகிறார்கள். எண்ணைத் தொடுமுன் இந்த வரியை எழுதச் சொல்லுங்கள்: எண்ணிக்கை × ஒன்றின் விலை = மொத்தம். தெரிந்ததை நிரப்பினால் 6 × □ = 10.80. பெட்டியோடு 6 பெருக்கலில் ஒட்டியிருக்கிறது. அதை விடுவிக்க இரு பக்கத்தையும் 6-ஆல் வகுக்க வேண்டும். தசமம் தடுமாற்றினால் சென்னாக மாற்றலாம்: 1080 ÷ 6 = 180 சென், அதாவது 1.80 ரிங்கிட். பிறகு 6 × 1.80 போட்டு 10.80 வருகிறதா என்று கட்டாயம் சரிபார்க்க வேண்டும். ஒரு ரொட்டி 64.80 ரிங்கிட்டா என்று கேட்டாலே பிள்ளைக்குப் பிழை தெரிந்துவிடும்.

சில பிள்ளைகள் 10.80-இலிருந்து 6-ஐக் கழிப்பார்கள். 6 + □ கணக்கோடு குழப்பிக்கொள்வதுதான் காரணம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

ஜெலுத்தோங் வாசகர்:
மீதி வரும் கணக்கையும் கொடுங்கள். பினாங்குக் கொடிமலைக்கு 50 மாணவர்கள், வேனுக்கு 12 பேர். 12 × □ = 50. 4 வேனில் 48 பேர்தான். 2 பேர் மிச்சம். விடை 5 வேன். இங்கே 4.17 என்று எழுதினால் வகுத்தல் சரி, விடை தவறு.