பயிற்சியாளரின் திறமையா, நடத்தையா: எதைப் பார்த்துப் பிள்ளையை ஒப்படைப்பது?

கேள்வி

பன்னிரண்டு வயதான என் மகள் இரண்டு ஆண்டுகளாகக் கால்பந்து ஆடுகிறாள். பந்தை நிறுத்தவே தடுமாறியவள் இன்று இரண்டு கால்களாலும் பாஸ் கொடுக்கிறாள் என்றால், அது முழுக்க அவளுடைய பயிற்சியாளரின் உழைப்பு. ஆனால் நடுவரின் விசில் தம் அணிக்கு எதிராக ஒலித்துவிட்டால், அவர் இரு கைகளையும் விரித்து வானத்தைப் பார்ப்பார்; பிறகு காலடியில் இருக்கும் தண்ணீர் பாட்டிலை உதைப்பார். சென்ற வாரம் தம்பியிடம் சதுரங்கத்தில் தோற்றபோது, என் மகள் அப்படியே கைகளை விரித்துத் தலையை நிமிர்த்தினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, திக்கென்றும் இருந்தது. இத்தனைக்கும் அவர் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் விளையாட்டு நாகரிகம் பற்றிப் பத்து நிமிடம் பேசுபவர். அவரிடமே தொடர்ந்து விடலாமா, வேறு இடம் பார்ப்பதா?

பதில் 1

பதினான்கு ஆண்டுகளாகச் சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். அந்தப் பத்து நிமிடப் பேச்சு எந்தப் பிள்ளைக்கும் நினைவிருக்காது. ஒருவன் பந்தைத் தவறவிட்ட மறுநொடியில் மற்றவர்கள் பார்ப்பது பந்தை அன்று, பயிற்சியாளரின் முகத்தை. ஒரு பெற்றோர் எடுத்த காணொளியில்தான் நான் இதைக் கண்டுகொண்டேன்: எங்கள் கோல்கீப்பர் பந்தைக் கோட்டைவிட்டதும் நான் தலையில் கைவைத்துத் திரும்பிக்கொள்கிறேன், அவனோ என் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அன்றுமுதல் ஆட்டத்தின்போது கையில் ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொள்கிறேன். எழுதுவது குறைவு, கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது, அவ்வளவுதான்.

1961-இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா நடத்திய பொம்மைச் சோதனையில், பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் அதே விதமாக அடித்ததோடு, அவர் சொன்ன சொற்களையும் திருப்பிச் சொன்னார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பதில் 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் முன்மாதிரியான பயிற்சியாளர் என்றால் எப்போதும் சிரித்துக்கொண்டு பாராட்டுபவர் என்று பொருள்கொண்டுவிட வேண்டாம். 1964 முதல் 1975 வரையிலான 12 பருவங்களில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பட்டத்தைப் பத்து முறை வென்ற அணியின் பயிற்சியாளர் ஜான் வுடன். அவருடைய கடைசிப் பருவத்தில் இரண்டு உளவியலாளர்கள் பயிற்சிகளை உட்கார்ந்து கவனித்து, 2,326 கற்பித்தல் செயல்களைக் குறித்துவைத்தார்கள். அவற்றில் பாராட்டு ஏறத்தாழ 7 விழுக்காடு, அதிருப்தியும் ஏறத்தாழ அதே அளவு. மீதியில் பெரும்பகுதி, எதை எப்படிச் செய்வது என்ற செய்தி மட்டுமே. பருவத்தின் முதல் நாளில் அவர் கற்பித்தது காலுறையைச் சுருக்கமின்றி அணிவதை. சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும்.

ஆகவே உங்கள் பயிற்சியாளர் கண்டிக்கிறாரா என்பதைவிட, கண்டித்த அடுத்த வாக்கியத்தில் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். வுடனிடம் இருந்தவர்கள் வளர்ந்த இளைஞர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பன்னிரண்டு வயதுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

பதில் 3

சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களை வைத்து அமெரிக்காவில் ஸ்மித், ஸ்மோல் என்ற உளவியலாளர்களின் குழுவினர் செய்த ஆய்வு ஒன்று 1992-இல் வெளிவந்தது. தவறுக்குப் பின் ஊக்கம் கொடுப்பது, ஏளனத்தைத் தவிர்ப்பது போன்றவற்றில் சில மணி நேரப் பயிற்சி பெற்றவர்களின் அணிகளில், அடுத்த ஆண்டு விளையாட்டை விட்டுவிட்ட சிறுவர்கள் 5 விழுக்காடு. அந்தப் பயிற்சி பெறாதவர்களின் அணிகளில் 26 விழுக்காடு. பயிற்சியாளர்கள் மாறக்கூடியவர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எனவே முதலில் அவரிடம் பேசுங்கள். ஆட்ட நாளில் வேண்டாம், பிள்ளைகள் முன்னிலையிலும் வேண்டாம். குற்றம் சாட்டாமல் சதுரங்கத்தில் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். ஆனால் பிள்ளையின் உடலைக் கேலி செய்வது, தகாத முறையில் தொடுவது, பெற்றோருக்குத் தெரியாமல் தனியாகச் செய்தி அனுப்புவது போன்றவை இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. பிள்ளையை உடனே விலக்கிப் புகார் கொடுக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்றுப் பயிற்சி முடிந்தபின் அவரைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "பாட்டிலையும் உதைத்தாளா?" என்று கேட்டார். பக்கத்தில் பாட்டில் இல்லை என்றேன். இந்தப் பருவம் முடியும்வரை அவரிடமே விடுவதாக இருக்கிறேன்.