விரதமும் மனநிறைவும்: நாள்பட்ட நோயுடன் வாழும் இளையோரின் அனுபவப் பகிர்வு

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

பள்ளிப் பருவத்திலேயே எனக்கு முதல் வகை நீரிழிவு வந்துவிட்டது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுவதால் உண்டாகும் நோய் இது. இனிப்பு தின்றதாலோ முன்வினையாலோ வருவதன்று. ஆனால் முன்வினையைச் சொல்லாத உறவினர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. ஊசியை நிறுத்திவிட்டு நேர்த்திக்கடன் வைத்துப் பார்க்கலாமே என்று பெரியம்மா ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றுமே உண்ணாத நாளிலும் எங்களுக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் வேண்டும், அது நின்றால் இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலப் பொருள் பெருகி உயிருக்கே ஆபத்தாகும் என்பதை அம்மா அறிந்திருந்ததால் அந்த யோசனை வாசலோடு நின்றது.

என்னை உண்மையில் வருத்தியது ஊசி அன்று, கந்த சஷ்டி. வீட்டில் எல்லோரும் காப்புக் கட்டிக்கொண்டு ஆறு நாளும் விரதமிருக்க, எனக்கு மட்டும் காலையில் தட்டில் இட்லி வரும். அக்கறையோடுதான் தந்தார்கள், ஆயினும் நான் அந்த வீட்டின் வழிபாட்டுக்குப் புறத்தே நிறுத்தப்பட்டவளாகவே உணர்ந்தேன். ஒரு முறை மருத்துவரிடம் இதைச் சொன்னபோது, பட்டினி மட்டும் கூடாது, மற்றவற்றை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார். அதன்பின் வேளை தவறாமல் உண்டு, இன்சுலினும் போட்டுக்கொண்டு, வெங்காயம், பூண்டு, கைப்பேசி ஆகியவற்றை விலக்கி, பகல் முழுவதும் மௌனமாக இருப்பது என் விரதமாயிற்று. அம்மாவே காப்புக் கட்டிவிட்டார். திருப்பரங்குன்றத்துச் சூரசம்ஹாரக் கூட்டத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிக் கை நடுங்கியதும் உண்டு. குளுக்கோஸ் கரைசலைக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மீண்டும் சோதித்துப் பார்த்தபின் தரிசனத்தைத் தொடர்ந்தேன். நோய் குறையவில்லை, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி இன்னும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் சஷ்டி வருகிறது என்றால் இப்போது அழுகை வருவதில்லை.

நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து ஓர் இளைஞர்

சகோதரி எழுதிய அந்தப் புறத்தே நிற்கும் உணர்வு எனக்கும் பழக்கமானது. சிறுநீரகங்கள் செயலிழந்ததால் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். நோயாளிக்கு நோன்பிலிருந்து குர்ஆனே விலக்களித்திருந்தும், ரமலான் பகலில் மாத்திரைக்காகத் தண்ணீர் குடிக்க நான் கதவைச் சாத்திக்கொண்டேன். ஆண்டு முழுவதும் தண்ணீரை அளந்து குடிப்பவனுக்குத் தாகத்தை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை, ஆனால் அந்தத் தாகத்தை யாரும் நோன்பாக எண்ணுவதில்லை என்ற கசப்பு எனக்கு இருந்தது. எங்கள் பள்ளிவாசலின் மார்க்க அறிஞரான ஹஜ்ரத்திடம் கேட்டபோது, விடுபட்ட நோன்புகளுக்கு ஈடாக ஏழைகளுக்கு உணவளிக்கும் ஃபித்யாவை விளக்கிவிட்டு, அஸர் என்னும் மாலைத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றிக் கொடுக்க ஆள் போதவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். பொட்டாசியம் மிகுதி என்பதால் பேரீச்சம்பழத்தை நான் தொடக்கூடாது. பிறர் அதைக்கொண்டு நோன்பு திறக்கும் நேரத்தில் கையில் அகப்பையோடு நிற்கிறேன். அப்போது என்னை ஒருவரும் நோயாளியாகப் பார்ப்பதில்லை, உப்புக் குறைவு என்று கூசாமல் குறை சொல்கிறார்கள்.

சென்னையிலிருந்து ஓர் உளவியல் மாணவர்

எனக்குத் தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோய், சில வாரங்களுக்கு ஒரு முறை இரத்தம் ஏற்றியாக வேண்டும். கடவுள் நம்பிக்கை எனக்கு இல்லை, ஆகவே சற்று மாறுபட்டு எழுதுகிறேன். உளவியலாளர் கென்னத் பார்கமென்ட், துன்பத்தின்போது இறைவனைத் துணையாகக் கொள்வதையும் தண்டிப்பவராகக் காண்பதையும் இரு வேறு வழிகளாகப் பிரித்துக் காட்டினார். இவற்றுள் பின்னது மன உளைச்சலோடு சேர்ந்தே வருவதை ஆய்வுகள் பலமுறை கண்டிருக்கின்றன. பெரியம்மாக்களின் முன்வினைப் பேச்சு இந்தப் பின்னதைத்தான் வளர்க்கிறது. மேலே எழுதிய இருவருக்கும் நிறைவைத் தந்தது பக்தியா, வீட்டிலும் பள்ளிவாசலிலும் கிடைத்த இடமா என்பதே என் ஐயம். இரண்டையும் பிரிக்க முடியாது என்று அவர்கள் சொல்லக்கூடும். எனக்கு அந்த இடம் இரத்ததான முகாம்களில் பதிவேடு எழுதும் மேசையில் கிடைத்தது. மதுரைச் சகோதரியிடம் ஒன்று கேட்க வேண்டும்: மௌனமாக இருக்கும்போது சர்க்கரை இறங்கினால் உடனிருப்பவருக்கு எப்படித் தெரிவிக்கிறீர்கள்?