ஃபின்ச் பெட்டை ஓயாமல் முட்டையிடுகிறது, கேனரி பாடுவதை நிறுத்திவிட்டது: என்ன செய்யலாம்?

காவிரிக்கரை (திருச்சி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில், மூன்றடி நீளக் கூண்டில் ஒரு ஜீப்ரா ஃபின்ச் இணையும் மஞ்சள் நிறக் கேனரி ஆண் ஒன்றும் சேர்ந்து வளர்கின்றன. குஞ்சுகள் தாமாகத் தின்னப் பழகுவதற்கு முன்பே ஃபின்ச் பெட்டை அடுத்த ஈட்டுக்கு (ஒரு தடவையில் இடும் முட்டைத் தொகுதி) முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. அண்மைய ஈடுகளில் முட்டையின் ஓடு மிகவும் மெலிந்து, விரல் பட்டாலே உடையும் நிலையில் இருக்கிறது. சென்ற வாரம் பெட்டை ஒரு காலைப்பொழுது முழுவதும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையிலேயே உட்கார்ந்திருந்தது. பிற்பகலில் ஓடே இல்லாத முட்டை ஒன்றை இட்ட பிறகுதான் எழுந்து நடமாடியது. முட்டைகளை உடனுக்குடன் எடுத்துவிட்டால் நின்றுவிடும் என்று எண்ணி எடுத்துப் பார்த்தேன். முன்பைவிட அதிகமாக இடுகிறது.

கேனரி ஒரு மாதத்திற்கும் மேலாகப் பாடவில்லை. பிடரியில் இறகு குறைந்திருக்கிறது. கூண்டுத் தட்டிலும் இறகுகள் கிடக்கின்றன. உணவாகத் தினையும் கடையில் விற்கும் கலவைத் தானியமும் தருகிறோம். வலிமைக்காக நாள்தோறும் அவித்த முட்டையும் உண்டு. கூடாக வைத்த மண் கலயம் எப்போதும் கூண்டிலேயே தொங்குகிறது. வரவேற்பறை என்பதால் இரவு பதினொரு மணி வரை விளக்கு எரியும். பெட்டைக்குச் சத்து மருந்து ஏதேனும் கொடுக்க வேண்டுமா? கேனரிக்கு இருப்பது நோயா?

தினைக்கதிர் (கோயம்புத்தூர்) எழுதியது:

வணக்கம். மருந்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். எனக்கு உங்கள் கூண்டின் ஏற்பாடுதான் முதல் காரணமாகத் தெரிகிறது. ஜீப்ரா ஃபின்ச் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதிகளைச் சேர்ந்த பறவை. அங்கே மழை எப்போது வரும் என்பதற்கு நிச்சயம் இல்லாததால், மழை பெய்து புல் விதைகள் பெருகும்போதெல்லாம் இனப்பெருக்கம் செய்யவும், வறட்சி வந்தால் நிறுத்திக்கொள்ளவும் அது பழகியிருக்கிறது. உங்கள் வீட்டிலோ உணவுக்குப் பஞ்சமே இல்லை. நாள்தோறும் அவித்த முட்டை கிடைக்கிறது. கூடு காலியாகக் காத்திருக்கிறது. இரவும் பகலாக இருக்கிறது. வறட்சி வந்துவிட்டது என்று அந்தப் பெட்டைக்குத் தெரிவிக்க அங்கே எதுவும் இல்லை.

அதன் உடல் எவ்வளவு இழக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். பெட்டையின் எடை ஏறத்தாழ 12 முதல் 15 கிராம். ஒரு முட்டையின் எடை ஏறத்தாழ 1 கிராம். நாளுக்கு ஒன்றாக ஐந்து முட்டை இட்டால், ஒரு வாரத்திற்குள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை அது வெளியே தந்துவிடுகிறது. அதன்பின் 12 முதல் 14 நாள் அடைகாப்பதும், கூட்டிலிருந்து இறங்கும் வரை ஏறத்தாழ மூன்று வாரம் குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதும் இருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று ஈடுகளுக்கு மேல் விடக் கூடாது என்பது என் நிலைப்பாடு. மூன்று மாதத்திலேயே இவை இணை சேர்ந்துவிடும் என்றாலும், ஆறு முதல் ஒன்பது மாதம் நிறைவதற்கு முன் பெட்டையைக் கூட்டில் விடாமல் இருப்பதே நல்லது.

முட்டையை எடுப்பதைப் பற்றி: ஈடு நிறையவில்லை என்று எண்ணிப் பறவை மேலும் மேலும் இடும். நீங்கள் கண்டதும் அதுதான். கூட்டில் இப்போது முட்டைகள் இருந்தால், அதே அளவுள்ள பிளாஸ்டிக் முட்டைகளை வைத்துவிட்டு உண்மையானவற்றை அகற்றுங்கள். அது அடைகாத்துச் சலித்துத் தானாக எழுந்த பிறகு கலயம், தேங்காய் நார், காய்ந்த புல் அனைத்தையும் வெளியே எடுத்துவிடுங்கள். ஜீப்ரா ஃபின்ச்சுக்கு உறங்குவதற்குக் கூடு தேவையில்லை, கம்பிலேயே உறங்கும். அவித்த முட்டையையும் முளைகட்டிய தானியத்தையும் அந்தக் காலத்தில் நிறுத்திவிட்டு, உலர்ந்த தானியமும் கீரையும் மட்டும் கொடுங்கள். ஆணையும் பெட்டையையும் சில மாதங்களுக்குத் தனித்தனிக் கூண்டுகளில் வைப்பதே எனக்குத் தெரிந்த உறுதியான வழி.

நாமக்கல் கால்நடை எழுதியது:

கால்நடை மருத்துவத் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். சென்ற வாரம் நீங்கள் கண்டது முட்டை வெளிவர இயலாமல் உள்ளே சிக்கிய நிலை. அது தானாக வெளிவந்தது நல்வாய்ப்பு. இவ்வளவு சிறிய பறவையில் இந்த நிலை சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் உயிரைப் பறித்துவிடும். ஓட்டை உருவாக்க மட்டுமின்றி, கருப்பைத் தசை சுருங்கி முட்டையை வெளியே தள்ளுவதற்கும் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஆகவே மெலிந்த ஓடும் முட்டை சிக்குவதும் பெரும்பாலும் ஒரே குறையிலிருந்து வருபவை.

தினையில் 100 கிராமுக்குச் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 30 மில்லிகிராம்தான். கேழ்வரகில் 350 மில்லிகிராம் வரை உண்டு. எனவே கலவையில் கேழ்வரகைச் சேர்ப்பது பயன் தரும். சில பறவைகள் முதலில் ஒதுக்கும், ஆனாலும் தொடர்ந்து வைத்து வாருங்கள். கணவாய் மீனின் ஓடான கடல்நுரை நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். உப்புப் போக இரண்டு மூன்று நாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, நன்றாகக் காயவைத்துக் கூண்டில் கட்டுங்கள். கோழிமுட்டை ஓட்டைக் கொதிக்கவைத்து உலர்த்தி நொறுக்கி வைத்தாலும் போதும். கீரைகளில் முருங்கையும் கொத்தமல்லியும் நல்லவை. பாலக் கீரையில் உள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்பைப் பிணைத்துக்கொள்வதால் அதை இப்போதைக்குத் தவிர்க்கலாம்.

எவ்வளவு சுண்ணாம்பு தின்றாலும் வைட்டமின் டி3 இல்லாமல் உடலில் சேராது. காலை வெயிலில் கூண்டின் பாதி நிழலில் இருக்கும்படி சிறிது நேரம் வையுங்கள். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்குப் பயன்படாது, ஏனெனில் வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. மருந்தாகத் தரும் டி3 அளவு மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். சத்து மருந்து வேண்டுமா என்று கேட்டீர்கள். பறவையைப் பார்த்த மருத்துவர் அளவு குறித்துக் கொடுக்காமல் எதையும் தண்ணீரில் கலக்காதீர்கள்.

மீண்டும் பெட்டை தரையில் சிலிர்த்து உட்கார்ந்து, வாலை மேலும் கீழும் அசைத்து முக்கினால், ஒரு சிறு பெட்டியில் வைத்து ஏறத்தாழ 30 டிகிரி வெப்பமும் சற்று ஈரப்பதமும் கிடைக்கும்படி செய்யுங்கள். அதற்குப் பழைய இழை பல்பு வேண்டும், எல்.இ.டி. விளக்கு சூடு தராது. வெப்பம் மிகுந்தால் விலகிச் செல்லப் பெட்டியில் இடம் இருக்கட்டும். வயிற்றை அழுத்தி முட்டையை வெளியேற்ற முயலவே கூடாது. உள்ளே உடைந்தால் பிழைப்பது அரிது. விளக்கெண்ணெய் விடுவதாகப் பலர் சொல்வார்கள், அதுவும் வேண்டாம். ஓரிரு மணி நேரத்தில் மாற்றம் இல்லையென்றால் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். அவர் சுண்ணாம்புச் சத்தை ஊசியாகச் செலுத்துவார். உள்ளூரில் பறவைகளைப் பார்ப்பவர் யார் என்பதை இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எட்டும் தொலைவில் நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

மஞ்சள்சிறகு (பெங்களூரு) எழுதியது:

கேனரியைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும் காலத்தில் கேனரி ஆண் பாடுவதை நிறுத்துவது இயல்பு. இரண்டு மாதம் வரையிலும் மௌனமாக இருக்கலாம். ஆனால் ஜீப்ரா ஃபின்ச்சுடன் ஒரே கூண்டில் இருப்பதால், பிடரி வெறுமையாவதற்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும். கூடு கட்டும் வேட்கையில் இருக்கும் ஃபின்ச், பக்கத்துப் பறவையின் இறகைப் பிடுங்கிக் கூட்டில் செருகும். மண் கலயத்துக்குள் மஞ்சள் இறகுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எப்படியிருந்தாலும் கேனரியை உடனே தனிக் கூண்டுக்கு மாற்றிவிடுங்கள். அமைதியான அந்தப் பறவை ஃபின்ச் இணையின் தொல்லைக்கு ஈடுகொடுக்காது.

கேனரியின் தாயகங்களில் ஒன்றான கேனரித் தீவுகள் வட அட்சம் 28 டிகிரிக்கு அருகில் இருப்பவை. பகற்பொழுது நீளும்போது பாடி இணை சேரவும், குறையும்போது இறகு உதிர்க்கவும் பழகிய பறவைக்கு, ஆண்டு முழுவதும் இரவு பதினொரு மணி வரை விளக்கு எரிந்தால் பருவமே புலப்படாது. இறகு உதிர்ப்பு அரைகுறையாக நின்று நின்று தொடர்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பொழுது சாய்ந்ததும் கூண்டை ஆளரவமற்ற அறைக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் காற்று புகும் தடித்த துணியால் மூடுங்கள். ஃபின்ச் கூண்டுக்கும் இது பொருந்தும். இறகு முளைக்கப் புரதம் வேண்டும் என்பதால், ஃபின்ச்சுக்கு நிறுத்தச் சொன்ன அவித்த முட்டையைக் கேனரிக்கு மட்டும் சிறிதளவு தொடருங்கள். வெயில் காலத்தில் அந்த முட்டையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனித்துச் சொல்லுங்கள். இரவின் அமைதியில் கூண்டருகே காதை வைத்தால் மூச்சோடு ‘டிக், டிக்’ என்ற ஒலி வருகிறதா? அலகைத் திறந்து மூச்சு விடுகிறதா? இருந்தால் மூச்சுக் குழாயிலும் காற்றுப் பைகளிலும் வாழும் உண்ணிகளாக இருக்கலாம். கேனரிக்கும் கோல்டியன் ஃபின்ச்சுக்கும் அவை வருவதுண்டு. மருத்துவர் ஐவர்மெக்டினைத் தோலில் சொட்டாக இட்டுக் குணப்படுத்துவார். ஆட்டுக்கு வாங்கிய மருந்தைக் கணக்கிட்டுப் போட நினைத்தால் பறவை பிழைக்காது.

காவிரிக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. கலயத்துக்குள் மஞ்சள் இறகுகள் இருந்தன. கேனரியை உடனே பிரித்துவிட்டேன். இரவில் காது வைத்துக் கேட்டேன்; ஒலி எதுவும் இல்லை, அலகும் மூடியே இருக்கிறது. ஒரு சந்தேகம்: ஃபின்ச் இணையைப் பிரித்தால் இரண்டும் ஏங்காதா? ஆணைச் சற்று நேரம் வெளியே எடுத்ததற்கே பெட்டை ஓயாமல் கூப்பிடுகிறது.

நாமக்கல் கால்நடை எழுதியது:

தினைக்கதிர் சொன்ன பிரிப்பில் நான் சற்று மாறுபடுகிறேன். ஜீப்ரா ஃபின்ச் இணை வாழ்நாள் முழுவதும் பிணைப்போடு இருக்கக்கூடியது. கூடும் நாரும் விளக்கும் அகன்றாலே பெரும்பாலான பெட்டைகள் முட்டையிடுவதை நிறுத்திவிடும். முதலில் சேர்த்தே வைத்துப் பாருங்கள். உணவுக் கிண்ணத்திலோ தரையிலோ முட்டையிட்டால் மட்டும் பிரியுங்கள்.

தினைக்கதிர் எழுதியது:

ஏற்கிறேன். ஆனால் இந்தப் பெட்டை ஏற்கெனவே ஒருமுறை முட்டை சிக்கித் தப்பியது என்பதால், இன்னொரு முட்டை விழும் வரை காத்திருக்க எனக்குத் துணிவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: இரு கூண்டுகளையும் ஒட்டி வைத்தால் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும், கூப்பிடுவதும் சில நாளில் தணியும். மீண்டும் கலயம் தொங்கவிடுவதற்கு முன், பெட்டையைக் கையில் பிடித்து மார்பெலும்பின் இரு பக்கமும் தசை நிறைந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். எலும்பு கூர்மையாகத் தட்டுப்பட்டால் கலயம் பரணிலேயே இருக்கட்டும்.