புதுப்பிப்பு: டிவி பதிவுக்கு டிவிஹெட்எண்ட்தான்

பிரிட்டனில் ஆன்டெனா வழியாக இலவசமாக வரும் ஃப்ரீவியூ சேனல்களை லினக்ஸ் கணினியில் பதிவு செய்ய மித்டிவி, நெக்ஸ்ட்பிவிஆர், டிவிஹெட்எண்ட் ஆகிய மூன்று பதிவு மென்பொருள்களில் எது நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். டிவிஹெட்எண்ட் என்று முடிவாகிவிட்டது. மித்டிவிக்குத் தனியாக ஒரு தரவுத்தளம் வேண்டும். ஒரே வீட்டுக்கு அது வீண் சுமை. விண்டோஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நெக்ஸ்ட்பிவிஆர் போதும்.

ட்யூனர் (ஆன்டெனா சிக்னலைக் கணினிக்குக் கொண்டுவரும் கருவி) வாங்கும்போது, ஹெச்டிக்கான ஒளிபரப்பு முறையான டிவிபி-டி2 அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் டிவிபி-டி என்றால் ஹெச்டி சேனல்கள் வராது. ட்யூனரைக் கணினி கண்டுகொண்டும் ஸ்கேனில் ஒன்றுமே சிக்கவில்லையா? பெரும்பாலும் ஃபர்ம்வேர் (ட்யூனரை இயக்கும் உள் மென்பொருள்) கோப்பு விடுபட்டிருக்கும், அல்லது ஆன்டெனா சிக்னல் போதாது. லினக்ஸ் தன் கருவிகளைப் பற்றிக் குறித்துவைக்கும் கர்னல் பதிவேட்டை முதலில் படியுங்கள்.

நிகழ்ச்சி நிரல் காலியாக இருந்தால், டிவிஹெட்எண்ட் அமைப்பில் நிரல் திரட்டிகளில் (சேனல்களின் நிரலை எடுத்துத் தரும் பகுதிகள்) 'யுகே: ஃப்ரீவியூ' என்பதை இயக்குங்கள். பிரிட்டனில் ஹெச்டி சேனல்களின் நிரல் சுருக்கப்பட்டு வருகிறது. பொதுவான திரட்டிக்கு அது புரியாது.

பலர் கவனிக்காத நல்ல செய்தி: ஒரே அதிர்வெண்ணில் வரும் சேனல்கள் எத்தனை இருந்தாலும் ஒரே ட்யூனரில் சேர்த்துப் பதிவு செய்யலாம். வேறு வேறு அதிர்வெண் என்றால்தான் இரண்டாவது ட்யூனர்.

ஹெச்டி பதிவுக்கு மணிக்குச் சுமார் 2 முதல் 4 ஜிபி ஒதுக்குங்கள். வட்டு ஃபேட்32 வடிவத்தில் இருக்கவே கூடாது, 4 ஜிபியைத் தாண்டும் கோப்பை அது ஏற்காது. லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவம் போடுங்கள். பதிவுக் கோப்புறையில் எழுதும் உரிமை டிவிஹெட்எண்ட் இயங்கும் பயனருக்கு வேண்டும். இல்லாவிட்டால் பதிவு தொடங்கிய உடனே தோல்வி. நிகழ்ச்சிக்கு முன்னால் 2 நிமிடம், பின்னால் 10 நிமிடம் கூடுதலாக வையுங்கள். நேரலை விளையாட்டுக்கு அதுவும் போதாது, பின்னால் 30 நிமிடம் வையுங்கள்.