படைமுகாம் இருந்த காணி: கிணற்றைப் பரிசோதிக்காமல் குடிக்கலாமா?

வாவிக்கரை:
கண்ணிவெடி இல்லையென்று உறுதிசெய்த பிறகுதான் மக்கள் காணிக்குள் கால் வைக்கிறார்கள். 2017இல் மட்டக்களப்பு மாவட்டமே கண்ணிவெடியற்றதாக அறிவிக்கப்பட்டது. அதே அக்கறை மண்ணில் ஊறிய டீசலுக்கும் கழிவு எண்ணெய்க்கும் இயந்திரம் கழுவும் கரைப்பானுக்கும் வேண்டும். முகாமில் வாகனம் திருத்திய இடம், எரிபொருள் தாங்கி நின்ற இடம், குப்பை எரித்த குழி ஆகியவற்றைச் சுற்றியுள்ள கிணறுகளைப் பரிசோதித்த பிறகே குடிக்க விட வேண்டும்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள கேம்ப் லெஜூன் படைத்தளத்தின் குடிநீரில் 1953 முதல் 1987 வரை டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானும் எரிபொருளில் உள்ள பென்சீனும் கலந்திருந்தன. அதைக் குடித்தவர்கள் சிப்பாய்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். ஆகவே இதைப் படையினருக்கு எதிரான பேச்சாக எடுக்க வேண்டாம்.

படுவான்கரையான்:
அண்ணன், அது பல்லாயிரம் பேர் வாழும் நகரம். இங்கே இருந்தவை பெரும்பாலும் காவலரணும் சில லொறிகளும். எங்கள் கிணறுகளைக் கெடுப்பவை வயல்வட்டையில் கொட்டும் உரம், களைநாசினி, கிணற்றுக்குப் பக்கத்திலேயே வெட்டும் மலசலகூடக் குழி. முதலில் அவற்றைப் பேசுங்கள்.

வருடக்கணக்காக இடம்பெயர்ந்திருந்த சனம் இப்போதுதான் ஊர் திரும்புகிறது. 'நஞ்சு நிலம்' என்று பெயர் விழுந்துவிட்டால் வங்கியும் அந்தக் காணியை ஏற்காது, மகளுக்குச் சீதனமாகவும் எழுத முடியாது. சுனாமியில் உப்பான கிணறுகளை மாரி மழைதானே கழுவியது? இதையும் கழுவும்.

பூவல்:
மழை கழுவும் என்பதைத்தான் மறுக்கிறேன், தம்பி. உப்பு நீரில் கரையும். அதனால் மழை அதைக் கழுவியது. சுனாமிக்குப் பிறகு அளவுக்கு மீறி இறைத்த கிணறுகளில் அடியிலிருந்த உவர்நீர் மேலேறியதையும் மறந்துவிடக் கூடாது. டீசல் வேறு. நீரின்மேல் மிதக்கும். மாரியில் நீர்மட்டம் ஏறும்போது அதுவும் ஏறும், கோடையில் கூடவே இறங்கும். போகும் வழியெல்லாம் மணலில் பூசிக்கொள்ளும். அங்கிருந்து பென்சீன் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நீரில் சேரும்.

டிரைகுளோரோஎத்திலீன் நீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. மணலைக் கடந்து அடிக்களிமண்வரை இறங்கித் தங்கிவிடும். தீயணைப்பு நுரையிலுள்ள புளோரின் சேர்மங்களோ இயற்கையில் சிதைவதேயில்லை எனலாம். ஆஸ்திரேலியாவின் வில்லியம்டவுன் விமானப்படைத் தளத்தில் பயிற்சிக்குக் கொட்டிய நுரை தளத்துக்கு வெளியே இருந்த நிலத்தடி நீருக்கும் பரவியது. 2024இல் அமெரிக்கா இந்தச் சேர்மங்களில் இரண்டுக்கு விதித்த குடிநீர் எல்லை லீற்றருக்கு 4 நானோகிராம். அவ்வளவு சிறிய அளவை நாக்கோ மூக்கோ கண்டுபிடிக்காது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். இவை குறையாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

களப்புக்கும் கடலுக்கும் நடுவே நாம் குடியிருப்பது மணல் திட்டில். கையால் மணலைத் தோண்டினாலே அந்தக் குழியில், அதாவது பூவலில், நீர் ஊறும் ஊரில், மேலே கொட்டியது நீரைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்?

படுவான்கரையான்:
விளக்கம் சரி. செலவு யாருடையது? திரும்பி வந்தவர் கூரை போடுவதா, ஆய்வுகூடத்துக்குக் கட்டுவதா? அந்தப் பணத்தில் குழாய்நீர் கேளுங்கள். உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரித்துத்தான் வருகிறது.

கச்சான் காற்று:
குழாய்நீர் அவசியம்தான். ஆனால் ஹவாயில் ரெட் ஹில் கடற்படை எரிபொருள் கசிவு 2021இல் குழாய்நீரையே கெடுத்தது. ஏறத்தாழ 93,000 பேருக்கு நீர் கொடுத்த அமைப்பு அது. குழாய் வந்த வீட்டிலும் கீரைப்பாத்திக்குக் கிணற்று நீர்தான். இன்னொன்று: கேம்ப் லெஜூனின் ஒரு குடியிருப்புக்கு நஞ்சு வந்தது தளத்துக்கு வெளியே இருந்த உலர்சலவைக் கடையிலிருந்து. ஆகவே கராஜ்களையும் எரிபொருள் நிலையங்களையும் சேர்த்தே கேட்போம். முகாமை மட்டும் சுட்டினால் கோரிக்கை அரசியலாகி நின்றுவிடும்.

வாவிக்கரை:
சேர்ப்போம். ஆனால் செலவு காணிக்காரருடையதல்ல; நிலத்தைப் பயன்படுத்தியவர் கொடுக்க வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எல்லாக் கிணறும் வேண்டாம். லொறி நின்ற இடம் அயலிலுள்ள பெரியவர்களுக்குத் தெரியும், அங்கிருந்து தொடங்கலாம்.

நீர் எடுப்பவர்கள் கவனிக்க: கரைப்பானும் பென்சீனும் காற்றில் பறந்துவிடும். சோடாப் போத்தலில் பாதி நிரப்பிக் கொண்டுபோனால் நீரில் அவை இருந்தாலும் பரிசோதனை முடிவில் தெரியாது. ஆய்வுகூடம் தரும் கண்ணாடிக் குப்பியில், காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும்.