வேதாளம் அனிமேஷனா வந்தா: கோடா, பொம்மையா?

குடமுருட்டி:
விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளைக் குழந்தைகளுக்கு உருப்படியா ஒரு அனிமேஷன் தொடரா எடுக்கணும்னா என் கட்சி இதுதான்: கையால வரைஞ்ச கோட்டுப்படம், காவிரிக் கரைச் சுடுகாடு, வாயே அசைக்காத வேதாளம். இதையெல்லாம் விட முக்கியம் ராஜாவோட நடை. இருபத்தஞ்சு கதையிலயும் மாறாம வர்றது அதுதான். அம்புலிமாமாவுல சங்கர் வரைஞ்ச படத்தை நினைச்சுப் பாருங்க. கையில வாள், தோள்ல பிணம். அது அசைய ஆரம்பிச்சா கனம் தெரியணும்.

திரையில விநாடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிச் சட்டம்) ஓடும். ஒரு படத்தை ரெண்டு ஃபிரேம் நிறுத்தினா 12 படம். சும்மா நடக்கிற ஆள் ஒரு எட்டு எடுத்து வைக்க 12 ஃபிரேம், அதாவது 6 படம் போதும். ஆள் கனம் தோள்ல இருந்தா 16 ஃபிரேம் வேணும், அதாவது 8 படம். கூடுற ரெண்டு படத்தையும் கால் ஊன்றி உடம்பு தாழுற இடத்துலதான் போடணும். எல்லா இடத்துலயும் பரப்பிப் போட்டா ராஜா கனத்தோட நடக்க மாட்டார், தூக்கக் கலக்கத்துல நடப்பார். வலது தோள்ல பிணம்னா இடுப்பு வலப்பக்கம் தள்ளும், மேலுடம்பு இடப்பக்கம் சாயும். தொங்குற கை, ராஜா உடம்பு நின்னு ரெண்டு படம் கழிச்சுதான் நிக்கணும். கூடவே நின்னுட்டா அது துணிமூட்டை.

அரசலாற்றங்கரை:
நடையைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், ஊரை ஏற்க மாட்டேன். 11-ஆம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய சமஸ்கிருதக் கதைநூலான கதாசரித்சாகரத்தில் இந்த ராஜா திரிவிக்கிரமசேனன், ஊர் கோதாவரிக் கரைப் பிரதிஷ்டானம். நம்மிடம் வழங்குவது உஜ்ஜயினி விக்கிரமாதித்தன். காவிரிக் கரைக்கு எப்படி வருவார்? கொண்டுவந்தால் உடை வரைகிறவர் சோழ ராஜாவை வரைந்து வைப்பார், கோபுரம் வரும், நந்தி வரும். கதை போய்விடும்.

கோட்டுப்படமும் வேண்டாம். நம்மூர்ப் பொம்மலாட்டம் இருக்கும்போது கனத்தை ஏன் வரைந்து காட்ட வேண்டும்? பொம்மை நாலரை அடி வரைகூட இருக்கும், எடை பத்துக் கிலோவுக்குப் பக்கம். நூலை எல்லாம் ஒரு வளையத்தில் கட்டி ஆட்டுபவர் தலையில் மாட்டிக்கொள்வார், பொம்மையின் கை இரண்டையும் கம்பியால் இயக்குவார். அந்தப் பொம்மை ஓர் அடி வைத்தாலே மேடை அதிரும். அதில் இருப்பது மெய்யான கனம்.

குடமுருட்டி:
அண்ணே, ஊர் விஷயத்துல ஒண்ணு கேளுங்க. சமஸ்கிருதத்துல வேதாளம் தொங்குறது சிம்சபா மரத்துல. முருங்கை மரத்துல ஏத்தினது நம்ம ஆளுங்க. "வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிடுச்சு"ன்னு பழமொழியே வந்தாச்சு. மரத்தை மாத்தினவங்க கரையை மாத்தக் கூடாதா?

அந்த மரத்தை ஒழுங்கா வரையணும். ஆலமரமோ பட்ட மரமோ வரைஞ்சுட்டு முருங்கைன்னு சொல்லக் கூடாது. நம்ம படுகையில மழை விட்ட மறுநாள் முருங்கை அடிமரத்தைப் பாருங்க, கம்பளிப்பூச்சி அப்பிக் கிடக்கும், பட்டையே தெரியாது. ராஜா அந்த மரத்துல கை வைக்கிறார்னா டெல்டாப் பிள்ளைக்குப் பிணத்தைப் பாக்குறதுக்கு முன்னாடியே உடம்பு கூசிடும்.

இலைதான் தொல்லை. நகக்கண் அளவு சிற்றிலை. ஒவ்வொண்ணையும் படத்துக்குப் படம் வரைஞ்சா கோடு ஒண்ணோட ஒண்ணு பொருந்தாம மரம் முழுக்கக் கொதிக்கும், கண்ணு அங்கயே போய் நிக்கும். கொப்புக் கொப்பா நாலு லேயர் பிரிச்சு, ஒவ்வொரு லேயரும் மொத்தமா ஆடணும். காய் தனி லேயர், கொப்பு அசைஞ்சு ரெண்டு படம் கழிச்சு அசையும்.

இன்னொண்ணு. முருங்கைக் கிளை சடக்குனு முறியும், அதனாலதான் பிள்ளைங்களை அதுல ஏற விடுறதில்லை. பிணம் தொங்குற கிளை வளையாம நேரா இருக்கட்டும். ராஜா கயித்தை அறுத்ததும் கிளை மேல எழும்பக் கூடாது, ஒரு இலைகூட அசையக் கூடாது. மரத்துல அதுக்கு எடையே இல்ல. தோளுக்கு வந்த அந்த ஃபிரேம்லதான் எடை இறங்குது, ராஜாவோட முட்டி மடங்குது.

அரசலாற்றங்கரை:
கிளை அசையாமல் நிற்பது மிக நல்ல யோசனை. மரத்தை விட்டுக்கொடுத்தேன். ஆறு பெயரில்லாத ஆறாக இருக்கட்டும், தலைநகர் உஜ்ஜயினியாகவே இருக்கட்டும்.

வெட்டாறு அக்கா:
ரெண்டு பேரும் படத்தையே பேசுறீங்க. பொம்மைக்கு வர்ற சிக்கலைச் சொல்றேன். ஒரு பொம்மை இன்னொண்ணைத் தோள்ல தூக்கணும்னா ரெண்டு பேர் நூலும் குறுக்க வரும். தலை வளையம் போட்டுக்கிட்டு ரெண்டு ஆட்டக்காரங்க அவ்வளவு நெருங்கி நிக்க முடியாது, நாலாவது அடியில நூல் சிக்கிக்கும். அப்ப ஒரு அடி உயரப் பொம்மை செஞ்சு, கொஞ்சங்கொஞ்சமா நகர்த்தி நிலைக்கு நிலை படம் பிடிக்கிற ஸ்டாப் மோஷனுக்குத்தான் போகணும். அதுக்கும் விநாடிக்கு 12 நிலை. ஒரு ஆள் நாள் முழுக்க நகர்த்தினா சில விநாடிப் படம் கிடைக்கும். 11 நிமிஷப் பகுதிக்கு 660 விநாடி, 7,920 நிலை, கணக்குப் போட்டுக்குங்க. கரண்ட் ஏறி இறங்கினா விளக்கு மாறி, ஓட்டிப் பாக்கும்போது காட்சி மினுமினுக்கும், அதனால விளக்குக்குத் தனி ஸ்டெபிலைசர் வேணும். மார்கழிப் பனியில மரம் ஊதி மூட்டு இறுகும், சித்திரையில தளரும், ஒரே பொம்மை ரெண்டு விதமா நிக்கும்.

அரசலாற்றங்கரை:
மூட்டுக்குள் உலோகச் சட்டம் வைத்து மேலே மட்டும் கல்யாண முருங்கைக் கட்டை வைத்தால் ஊதினாலும் நிலை மாறாது. பொம்மலாட்டப் பொம்மைக்கு அந்தக் கட்டைதான், எடை குறைவு. நேரம் அதிகம் என்பது உண்மை. அதனால் சுடுகாட்டு நடையை மட்டும் பொம்மையில் எடுப்போம், வேதாளம் சொல்லும் உள்கதையைக் கருப்பூர்க் கலம்காரித் துணி ஓவியப் பாணியில் வரைந்துகொள்ளலாம்.

வெட்டாறு அக்கா:
கலம்காரிக்கு நான் சம்மதம். ஆனா துணியோட இழை அமைப்பை அசையாத அடி லேயரா வைக்கணும். ஆளோட சேர்த்து இழையும் நகர்ந்தா, மேல ஏதோ ஊர்ற மாதிரி இருக்கும்.

குரல் முதல்ல, படம் அப்புறம். வேற பாஷைக்கு வரைஞ்ச வாயில தமிழை ஒட்டினா முதல்ல மாட்டுறது ப்ப, ம்மதான். "அப்பா", "அம்மா" சொல்லும்போது உதடு மூடி நிக்கணும். ரெண்டு படமாவது மூடின வாய் வேணும். ஒரு ஃபிரேம் மூடித் திறந்தா குழந்தை காதுக்கு "அம்மா", கண்ணுக்கு "ஆவா". ழகரத்துக்குத் தனி வாய் வேண்டாம், நாக்கு உள்ளதான் வளையுது.

வேதாளத்துக்கு வாய் அசையாததுல எனக்கு முதல்ல உடன்பாடில்ல. முகம் ராஜா முதுகுக்குப் பின்னாடி தொங்குது, அதுவும் அசையலன்னா பிள்ளைங்க எதைப் பாக்கும்னு நினைச்சேன். ஆனா உள்கதை ஓடுறப்ப படம் அங்க போயிடுது. பிணம் பேசுறது தெரியுறது தொடக்கத்துலயும் கேள்வி கேக்குற இடத்துலயும்தான். அந்த நேரத்துக்கு மூடின வாயிலேருந்து குரல் வரட்டும், பயமாத்தான் இருக்கட்டும்.

குடமுருட்டி:
கதைத் தேர்வு? வெட்டுப்பட்ட ரெண்டு பேரோட தலை உடம்பு மாறிப் போன கதையை எட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குக் காட்டக் கூடாது. எலும்பு சேர்த்து, சதை சேர்த்து, தோல் போர்த்தி, நாலாவது தம்பி உயிர் கொடுக்கிற சிங்கக் கதை முதல்ல வரட்டும்.

அரசலாற்றங்கரை:
தலை மாறிய கதையை நீக்கினால் தொடரின் முதுகெலும்பே போகும். இரத்தம் இல்லாமல், கலம்காரி ஆட்கள் இரண்டு துணித்துண்டாகப் பிரிந்து சேர்வதாகக் காட்டலாம். முதலில் வர வேண்டியது மூன்று நுண்ணுணர்வுக்காரர் கதை. சோற்றில் பிணவாடை என்று ஒருவன் எழுந்துவிடுகிறான். விசாரித்தால், சுடுகாட்டை ஒட்டிய வயலில் விளைந்த நெல். நெல்லோடு வளரும் பிள்ளைக்கு இதற்கு விளக்கமே வேண்டாம். மெத்தை ஏழுக்கும் அடியில் கிடந்த ஒற்றை முடி இன்னொருவன் உடம்பில் தடம் போட்டதை ஒரே நெருக்கக் காட்சியில் காட்டிவிட்டால், ராஜா ஏன் அவனைத் தேர்ந்தார் என்பதும் புரியும்.

வெட்டாறு அக்கா:
கடைசிக் கதையை என்ன பண்றது? அப்பாவும் மகனும் மணல்ல ரெண்டு காலடித் தடம் பாக்குறாங்க. பெரிய காலுக்காரி அப்பாவுக்கு, சின்னக் காலுக்காரி மகனுக்குன்னு பேசிக்கிறாங்க. போய்ப் பாத்தா பெரிய காலுக்காரிதான் மகள், மற்றது அம்மா. அவங்களுக்குப் பிறக்கிற பிள்ளைங்க ஒருத்தருக்கொருத்தர் என்ன முறை? ராஜாவுக்குத் தெரியல. வாய் திறக்கல.

குடமுருட்டி:
அங்க வசனமே கூடாது. 40 விநாடி, நடை மட்டும். எட்டுக்கு 16 ஃபிரேம்னா சரியா அறுபது எட்டு. தவளைச் சத்தம், மணல் நெரியுற சத்தம், வேற எதுவும் வேண்டாம். ஒரே சுழற்சியை அறுபது தடவை ஓட்டினா பொம்மைக்கடை மாதிரி தெரியும். மூணு சுழற்சி வரைஞ்சு மாத்தி மாத்தி ஓட்டணும். இத்தனை பகுதியா "பதில் சொன்னதும் பறந்துடும்"னு பழகின குழந்தை, பறக்கலையேன்னு தானா கவனிக்கும்.

அரசலாற்றங்கரை:
இந்த 40 விநாடிக்காகவே நடை பொம்மையில் இருக்க வேண்டும் என்பேன். ஆனால் கோட்டில் எடுத்தாலும் ஒன்று செய்யுங்கள். பிறகு வேதாளம் மனம் மகிழ்ந்து, பிணத்தைக் கொண்டுவரச் சொன்ன பிட்சுவின் சூழ்ச்சியைச் சொல்லி, பிணத்தை விட்டுப் போகிறதே, அந்த ஃபிரேமில் கனம் மாற வேண்டும். மரத்தில் எடையில்லாமல் இருந்தது தோளுக்கு வந்ததும்தானே கனத்தது? அப்படியானால் அது வேதாளத்தின் கனம். அது போனதும் எட்டுக்கு 12.

குடமுருட்டி:
12 வேண்டாம்ணே. வேதாளம் போனாலும் பிணம் பிணம்தானே. 14 வைங்க.