அப்பத்தாவின் உதவித்தொகை நான்கு மாதமாக வரவில்லை, கைரேகையும் விழவில்லை. என்ன செய்வது?

ஆத்தங்குடிப் பேரன்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பத்தாவுக்கு வயது 74. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான்கு மாதமாக வரவில்லை. பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்தோம், வரவே இல்லை. கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டால், “பட்டியலில் பெயர் இருக்கு, பணம் போய்க்கிட்டுதான் இருக்கு” என்கிறார். தாலுகா அலுவலகத்தில் வங்கியைக் கேட்கச் சொல்கிறார்கள், வங்கியில் தாலுகாவைக் கேட்கச் சொல்கிறார்கள். காரைக்குடிக்கு மூன்று தடவை பஸ் ஏறி இறங்கியாயிற்று.

இதோடு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஊருக்கு மிஷினோடு வருகிற வங்கி முகவரிடம் அப்பத்தாவின் கைரேகை விழுவதே இல்லை. முப்பது வருஷம் தரைக்குப் பதிக்கிற பூக்கல் செய்யும் பட்டறையில் மணல் சலித்து, சிமெண்ட் குழைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறிய கல்லை எடுத்து அடுக்கியவர்கள். விரல் நுனியில் ஒரு கோடு இல்லை, அவர்கள் செய்த கல் மாதிரியே வழவழவென்று இருக்கிறது. பத்து விரலையும் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துவிட்டு, “விடுப்பா, நான் செத்துட்டேன்னு நெனச்சிருப்பாக” என்று எழுந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இங்கே கேட்கத் தோன்றியது.

புதுவயல் அக்கா:
தம்பி, சில நேரம் நேரில் வந்து சரிபார்க்கும்போது ஆள் வீட்டில் இல்லாவிட்டால் நிறுத்தி வைத்துவிடுவார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கு அப்படி ஆனது. மகள் வீட்டுக்குப் போயிருந்தார்களா?

ஆத்தங்குடிப் பேரன்:
இல்லை அக்கா, ஊரைவிட்டு எங்கும் போகவில்லை.

இ-சேவை நடத்துபவர்:
நிறுத்தியிருந்தால் பட்டியலில் பெயர் இருக்காது. “பணம் போகிறது” என்று அலுவலர் சொல்வதைத்தான் கவனிக்க வேண்டும். பணம் போகிறது, ஆனால் அப்பத்தாவின் அந்தப் பாஸ்புக்குக்குப் போகவில்லை. என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இதே கதைதான். ஆதார் எண்ணை வைத்துப் பணம் போடும்போது, கடைசியாக எந்த வங்கியோடு ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் விழும். பழைய கணக்கு உயிரோடு இருந்தாலும் அதற்கு வராது. சமீபத்தில் புது சிம் வாங்கினீர்களா? யாராவது விரல் வைக்கச் சொல்லிக் கணக்குத் திறந்தார்களா?

ஆதார் இணையதளத்தில் அப்பத்தாவின் எண்ணைப் போட்டு உள்ளே போனால் ‘வங்கி இணைப்பு நிலை’ என்று ஒரு பகுதி இருக்கும். எந்த வங்கி, எந்தத் தேதியில் இணைந்தது என்று காட்டிவிடும். ஆதாரில் பதிந்த செல்போனுக்கு ஓடிபி வரும், அந்த போன் கையில் இருக்க வேண்டும். ஓடிபியை வீட்டு ஆளைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். உதவி செய்கிறேன் என்று போனில் கேட்பவரிடம் கண்டிப்பாகச் சொல்லக்கூடாது.

ஆத்தங்குடிப் பேரன்:
அண்ணே, நீங்கள் சொன்னதுதான் சரி! ஆதாரில் இருந்தது திருப்பூரில் இருக்கும் சித்தப்பாவின் நம்பர். அவரிடம் ஓடிபி கேட்டு வாங்கிப் பார்த்தேன். நாங்கள் கேள்விப்படாத ஒரு கணக்கு காட்டுகிறது. சித்திரையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் அப்பத்தாவுக்கு சிம் வாங்கிக் கொடுத்தேன். விரல் விழவில்லை என்று கண்ணைக் காட்டச் சொன்னார்கள், இரண்டு தடவை எடுத்தார்கள். ஒன்று சிம்முக்கு, இன்னொன்று கணக்குக்கு என்று இப்போதுதான் புரிகிறது. பக்கத்தில் நின்றவன் நான். கேட்டிருக்க வேண்டும்.

இ-சேவை நடத்துபவர்:
உங்கள் மேல் தப்பில்லை, எதற்கு எடுக்கிறோம் என்று அவர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். பணம் எங்கும் போகவில்லை, அந்தக் கணக்கில் இருக்கும். பழைய வங்கிக்கு ஆதார் அட்டை நகலோடு போய், ஆதார் இணைப்பு விண்ணப்பம் கேளுங்கள். ஏற்கெனவே வேறு வங்கியில் இணைந்திருக்கிறது, அதை இங்கே மாற்ற வேண்டும் என்று அதில் குறிப்பிடுங்கள். ‘ஆதார் கொடுத்தாச்சு, கணக்கில் இருக்கு’ என்று கவுண்டரில் சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். கேஒய்சிக்கு, அதாவது ஆள் யாரென்று வங்கி சரிபார்க்க, ஆதார் கொடுப்பது வேறு, உதவித்தொகைக்கு இணைப்பது வேறு. விடாதீர்கள்.

ஓய்வு பெற்ற தபால்காரர்:
கைரேகைக்கு நான் சொல்கிறேன். மிஷினில் விழவில்லை என்பதற்காகப் பணம் கொடுக்க முடியாது என்று சொல்ல முடியாது. கிளைக்கு நேரில் போய், பணம் எடுக்கும் சீட்டில் மையில் கைநாட்டு வைத்து வாங்கலாம். நடக்க முடியாவிட்டால் 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017இலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. எழுத்தில் மனுக் கொடுங்கள். கருவிழி பார்க்கும் கருவி இருக்கிற இடத்தில் கண்ணையும் காட்டலாம்.

இதைப் படிக்கிற ராணுவக் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. வருஷா வருஷம் கொடுக்க வேண்டிய உயிர்வாழ்வுச் சான்றைத் தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்குப் போட்டுத் தருவார். விரல் விழாதவர்கள் ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். கானாடுகாத்தானில் ஒரு சுபேதாரின் மனைவி, சான்று போடாமல் பென்ஷன் நின்றுபோய், வளையலை அடகு வைத்து மருந்து வாங்கினார்கள். அந்த அம்மாவின் முகத்தைப் போனில் எடுத்தேன், ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. அந்த வளையல்தான் இன்னும் என் மனதில் நிற்கிறது.

பள்ளத்தூர் மருமகள்:
ஐயா, என் மாமனார் ஏழு வருஷம் மட்டும் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். பென்ஷன் கிடையாது. போன வருஷம் தவறிவிட்டார். அத்தைக்கு 68 வயது. ஏதாவது வழி உண்டா?

ஓய்வு பெற்ற தபால்காரர்:
உண்டும்மா. ராணுவப் பென்ஷன் இல்லாத, 65 வயதைத் தாண்டிய முன்னாள் படைவீரருக்கும் அவருடைய விதவைக்கும் மத்திய சைனிக் வாரியம் மாத உதவி தருகிறது. ஹவில்தார் வரை உள்ளவர்களுக்கு. 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் முதல் தேதியிலிருந்து வருகிற விண்ணப்பங்களுக்கு 8,000. பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது மாமனாருக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தேடி எடுங்கள், அதுதான் முதல் வேலை. அதோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அத்தை முதியோர் தொகை ஏதும் வாங்கினால் அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

பள்ளத்தூர் மருமகள்:
டிஸ்சார்ஜ் புத்தகம் இரண்டாம் கட்டு அறையில் தகரப் பெட்டிக்குள் இருந்தது. ஓரம் செல்லரித்திருக்கிறது, எழுத்து தெரிகிறது. நாளை போகிறோம்.

ஆத்தங்குடிப் பேரன்:
பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன். வங்கியில் இணைப்பை மாற்றியாயிற்று, இணையதளத்தில் இப்போது எங்கள் பழைய வங்கியின் பெயரைக் காட்டுகிறது. தெரியாத கணக்கில் 4,800 ரூபாய் அப்படியே இருந்தது, கண்ணைக் காட்டி எடுத்துவிட்டோம். அப்பத்தா நோட்டுகளை இரண்டு தடவை எண்ணி, முந்தானையில் முடிந்துகொண்டு, “இதுல மளிகைக் கடைக்குத் தொள்ளாயிரம் குடுக்கணும்” என்றார்கள்.

இன்னும் ஒரு கேள்வி. அத்தை மகனுக்கு ஒரு கால் வராது, 60 சதவீதம் ஊனம் என்று யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறது. வயது 31. எதுவும் வாங்கவில்லை.

இ-சேவை நடத்துபவர்:
மாதம் 1,500 ரூபாய் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அது தாலுகாவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் வழியாக வரும். கடுமையான ஊனத்துக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருகிற 2,000 பராமரிப்புத் தொகை வேறு, அதற்கு 75 சதவீதம் வேண்டும், இரண்டையும் குழப்ப வேண்டாம். அட்டை, ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தம்பியைக் கூட்டி வாருங்கள், பதிந்து தருகிறேன். அதற்கு முன்னால் அவருடைய ஆதார் எந்த வங்கியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.